பாங்கு நேரத்து அண்ணாச்சி

எங்கள் அண்ணாச்சி எனக்குக் குழி பறிக்கிறார் என்று நான்கு மாதம் நான் மனதார நம்பினேன்.

முட்டாள்தனம்தான். ஆனால் முட்டாள்தனத்தைக்கூட நான் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. ஆதாரம் சேர்த்தேன். ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் "லிஸ்ட்டுல என் பேரை மட்டும் அடிச்சிடுங்க அண்ணாச்சி" என்று உளறி, மனைவியிடம் முதுகில் ஓர் அடியும் வாங்கினேன். உளறியதற்காக அவள் அடிக்கவில்லை. தூங்கும்போதுகூட இந்த வாய்க்கு ஓய்வில்லையே என்றுதான் அடித்தாள்.

நாங்கள் இருவரும் வளைகுடாவில் ஓர் அரசுத் தொலைக்காட்சியில் வேலை பார்த்தோம். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நிகழ்ச்சிகள் எங்கே தயாரானாலும் வீடுகளுக்குப் போவதற்கு முன் கடைசியாக எம்.சி.ஆர். என்ற எங்கள் அறைக்கு வரும். அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் நாடு முழுக்கத் தெரியும். ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கத் திரைகள். இயந்திரங்கள் சூடாகிவிடக்கூடாது என்று வைத்த ஏ.சி., மனிதர்களைப் பற்றிக் கவலைப்படாது. வெளியே ஊர் கொதித்துக்கொண்டிருக்க, உள்ளே நாங்கள் ஊட்டிக்குத் தேனிலவு போன தம்பதி மாதிரி மஃப்ளர் சுற்றிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒல்லி. சட்டைக் கையை எப்போதும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். எங்கள் சூடான்கார சூப்பர்வைசர், பாகிஸ்தான் எஞ்சினியர், டீ கொண்டுவரும் மலையாளி எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். அதுதான் அவருடைய பாஸ்போர்ட் பெயர் என்றே சூடான்காரர் நினைத்திருந்தார்.

அவருடைய பொறுப்பு பாங்கு. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, தொழுகை நேரம் வந்ததும் ஓடுகிற நிகழ்ச்சி நிற்க வேண்டும். தொழுகை அழைப்பு ஒலிக்க வேண்டும். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். நேரம் நாளுக்கு நாள் நகரும். அதெல்லாம் அட்டவணையில் இருக்கிறது, சிரமம் இல்லை. சிரமம் என்னவென்றால், நாடகத்தில் நடிக்கிறவர்கள் அட்டவணை பார்த்து அழுவதில்லை.

நான் சேர்ந்த முதல் வாரம், ஓர் அரபு நாடகத்தில் மாமியார் மருமகளை அறையக் கையை ஓங்கினாள். பழகட்டும் என்று அண்ணாச்சி பொத்தானை என்னிடம் விட்டிருந்தார். நேரம் ஆகிவிட்டது, வெட்டிவிட்டேன். பாங்கு முடிந்து திரும்பி வந்ததும் கை இறங்கிப் பளார் என்று விழுந்தது. உடனே போன் மேல் போன். நாட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். சூடான்காரர் என் பின்னால் வந்து நின்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"என்னவே, அந்தப் பிள்ளைய அடி வாங்க இவ்வளவு நேரம் நிக்க வச்சிட்டீரே."

"டைம் ஆயிடுச்சே அண்ணாச்சி."

"டைம் ஆகதுக்கு முன்னால மூச்சு எடுப்பாவ்லா? அங்ஙன வெட்டணும்."

அவருக்கு அரபு தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த மண்ணில் இருந்து அவர் கற்றது கிளம்பு, முடிந்தது, இல்லை என்பதற்கு யல்லா, கலாஸ், மாஃபி, அப்புறம் டீக்கடையில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்ல ஒரு வாக்கியம். ஆனால் நடிகர் பேசும்போது அவர் தோளைப் பார்ப்பார். தோள் ஒரு நூல் ஏறினால் அடுத்த பேச்சு வரப்போகிறது. அது ஏறுவதற்கு முன் வெட்டிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு நாடகமே மரியாதையாக ஒதுங்கி நின்று தொழுகைக்கு வழிவிட்டது போல இருக்கும். ஒவ்வொரு நடிகரையும் அவர் மூச்சாலேயே அறிந்துவைத்திருந்தார். "இந்தம்மா மூக்கால இழுப்பா, லேசா கேக்கும். இந்தப் பெரியவர் இருக்காரே, எடுக்கவே மாட்டாரு. கும்பிட்டுட்டுத்தான் வெட்டணும்."

இப்படிப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு வியாதி வந்துவிட்டதா, அல்லது அந்த வியாதி இருந்ததால்தான் இந்த வேலை அவருக்கு வந்ததா, தெரியாது. யார் பேசும்போதும் குறுக்கே பேச அவரால் முடியாது. எதிராளி நிறுத்தும்வரை காத்திருப்பார். எதிராளி நானாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாற்காலியில் அத்தனை வருஷம் உட்கார்ந்தும் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. என் மகள் மூன்றாம் வகுப்பில் எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் வாங்கினாள் என்பது அவருக்குத் தெரியும்.

அல் கூஸ் பக்கம் நிலையம் கொடுத்த அறையில் ஐந்து பேரோடு இருந்தார். ஒரு தடவை காரில் அவரை இறக்கிவிடப் போனபோது உள்ளே கூப்பிட்டார். மற்ற ஐந்து பேரும் கிரிக்கெட்டைப் பற்றி இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி தன் கட்டிலில் உட்கார்ந்து, காலடியில் இருந்த சின்னத் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்க்கத் தொடங்கினார். எங்கள் சேனல்தான். டியூட்டி முடிந்த பிறகும் அதே முகங்கள். அப்போது ஊரிலிருந்து அவர் மனைவி போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. தண்ணி மோட்டார், மச்சினி வீட்டுக் கல்யாணம், ரேஷன் அட்டை, பக்கத்து வீட்டு நாய் என்று அந்த அம்மா ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தார். அண்ணாச்சி "உம்" என்றார். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். "சரி, அடுப்புல பால் கெடக்கு, வைக்கேன்" என்று மறுமுனை நின்றது.

"நல்லாத்தான் இருக்காவ" என்றார் என்னிடம்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலியே அண்ணாச்சி?"

"அவ்வோ பேசிட்டு இருக்காவள்லா" என்றார்.

அரசாங்கம் நிலையத்தைக் கம்பெனியாக மாற்றித் தனியாருக்குப் பங்கு விற்றது அதற்கு அப்புறம்தான். முதலில் மாறியது டீக் குவளை. பழைய குவளையெல்லாம் போய் புதுச் சின்னம் போட்ட வெள்ளைக் குவளை வந்தது. அடுத்து டீ கொண்டுவந்த மலையாளி போய், காசு போட்டால் காபி துப்பும் இயந்திரம் வந்தது. அப்புறம் வளர்ச்சி பிடித்துக்கொண்டது. ஒரே சேனல் இருந்த இடத்தில் செய்திக்கு ஒன்று, நாடகத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு, குழந்தைகளுக்கு, கடைசியில் நாள் முழுக்கச் சமையலுக்கு ஒன்று. செயற்கைக்கோள் வழியே வளைகுடாவின் ஒரு முனையில் இருக்கிற மஸ்கட்டிலிருந்து மறுமுனையில் இருக்கிற மங்காஃப் வரை தெரிந்தது. சுவரில் எட்டுத் திரை இருந்தது நாற்பதாகி, கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோனோம். பாங்குக்கு முன் நொடிகளை எண்ணும் கடிகாரத்தைக்கூட ஒரு கைக்கடிகாரக் கம்பெனி விளம்பரமாக வாங்கிக்கொண்டது.

சேனல் கூடக் கூட ஆள் குறைந்தது. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது மாடியில் இருந்த புது நிர்வாகத்துக்கு நன்றாகப் பிடிபட்டது. யாராவது வேலையை விட்டு அனுப்பப்பட்டால் ஒரு கேக் வெட்டுவார்கள். வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, பிறகு காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று ஆனது. நான் கேக் தின்பதை விட்டேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. மனைவி, மகள் இரண்டு பேர் விசாவும் என் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் ஷார்ஜா வீட்டைக் காலி செய்து, நடு வருஷத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு திருச்சிக்குப் போக வேண்டும். அங்கே எந்தப் பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொள்ளும்? என்னைத்தான் எந்த நிலையம் சேர்த்துக்கொள்ளும்? எனக்குத் தெரிந்தது ஒரு பொத்தானை அழுத்துவது. அதையும் தப்பாக அழுத்துவேன்.

இந்த நேரத்தில்தான் அண்ணாச்சியின் நோட்டு என் கண்ணில் பட்டது. நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. முன்பும் இருந்திருக்கும்; பயந்தவனுக்குத்தானே எல்லாம் கண்ணில் படும். நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து கதவைத் திறப்பேன். அவர் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்ப்பார். பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ குறிப்பார். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். முழுக்க மணி, நிமிஷம், நொடி. நான் எத்தனை மணிக்கு வெளியே போனேன், எத்தனை மணிக்கு வந்தேன் என்பதை நொடி சுத்தமாக எழுதுகிறார்! இதுதான் முதல் ஆதாரம்.

இரண்டாவது ஆதாரம் பம்பாய்க்காரர் ஒருவர். புதுக் கம்பெனி அமர்த்திய ஆலோசகர். எல்லாப் பிரிவுக்கும் போய்க் கால் மணி நேரம் உட்கார்ந்தவர், அண்ணாச்சி பக்கத்தில் மட்டும் இரண்டு வாரம் லேப்டாப்போடு உட்கார்ந்தார். நடுவில் நீல நோட்டு திறந்திருந்தது. நான் பக்கத்தில் போனால் பேச்சு நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? நான் போனாலே நான்தானே பேசுவேன். அது அப்போது தோன்றவில்லை.

மூன்றாவது ஆதாரம் நோன்பு மாதத்தில் கிடைத்தது. அந்த மாதத்தில் நோன்பு திறக்க, சூரியன் மறையும் நேரத்துப் பாங்குக்காக நாடே பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு நொடி முந்தினாலும் பாவம், பிந்தினாலும் பாவம். விற்பனைப் பிரிவு அன்று கடைசி நிமிஷத்தில் ஒரு பழச்சாறு விளம்பரத்தைச் செருகிவிட்டது. அது முடிவதற்குள் நேரம் வந்துவிடும். டியூட்டி என்னுடையது. என் விரல் பொத்தான் மேல் இருந்தது, மூளை திருச்சி ஜங்ஷனில் இருந்தது. அண்ணாச்சி எழுந்து என் மேலே சாய்ந்து அழுத்தினார். திரையில் ஒரு பெண் வாயைத் திறந்திருந்தாள், அப்படியே போய்விட்டாள். மூச்சுப் பார்க்காமல் அவர் வெட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மறுநாள் விற்பனைப் பிரிவு மேலே போய்க் குதித்தது. அண்ணாச்சி நோட்டில் அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாக எழுதினார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து என்னிடம் கேட்டார்: "உம்ம மவளுக்குப் பரிச்சை எப்பம் முடியுது?"

முடிந்தது என்று நினைத்தேன். எந்தத் தேதியில் என்னை அனுப்பலாம் என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்!

வீட்டில் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த மனுஷனா? பொங்கலுக்குச் சாப்பிட வந்தவரை ஒரு வார்த்தை பேச விட்டீங்களா நீங்க? உப்பு வேணும்னு கேக்கக்கூட அவரால முடியல. அவரு உங்களுக்கு ஆப்பு வைக்கிறாராம்."

"பேசாதவங்கதான்டி ஆபத்து."

"அப்ப உங்களால யாருக்கும் ஆபத்தில்ல. நிம்மதியா தூங்குங்க."

நான் தூங்கவில்லை. ஒரு திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை அண்ணாச்சியைத் தேராக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், நன்றாகச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, கையில் காலில் விழுந்தாவது நோட்டில் என் பெயரை அடிக்கச் சொல்வது. வியாழக்கிழமை ராத்திரி போன் செய்தேன். "வாரேன்வே. நானும் உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். சொல்லப்போகிறார்! சொல்ல விடக்கூடாது என்று அப்போதே முடிவு கட்டினேன்.

மசாலாக் கடைச் சந்துக்குப் பின்னால் கீழக்கரைக்காரர் ஒருவருடைய சாப்பாட்டுக் கடை. அண்ணாச்சி வெளுத்த சட்டையில், தலைவாரி வந்திருந்தார். கைக்குழந்தையைக் கவனிப்பது போல அவரைக் கவனித்தேன். மீன் வைத்தேன், எலும்பில்லாத துண்டாகப் பார்த்து வைத்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "ஒரு விசயம்வே" என்றார்.

"அண்ணாச்சி, பாயசம் சொல்லட்டுமா? இங்க பாயசம் நல்லா இருக்கும். போன வருசம் எங்க மாமனார் வந்தப்போ..." என்று ஆரம்பித்து, மாமனாரின் சர்க்கரை வியாதி, அவருக்குக் காலில் வந்த புண், அதைப் பார்த்த டாக்டரின் தம்பி என்று நான் போய்க்கொண்டே இருந்தேன். அண்ணாச்சி என் தோளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்டுவிட்டு, கடற்கழியைக் கடக்கிற அப்ரா என்ற படகில் ஏறினோம். அந்தக் கரைக்குப் போகும் அப்ராவில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுத் தண்ணீரில் எனக்குத் தைரியம் உடைந்துவிட்டது.

"அண்ணாச்சி, என் பேரு அந்த நோட்டுல இருக்கா?"

அவர் புரியாமல் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். டீ, கதவு, பார்வை, பம்பாய்க்காரர், பரீட்சைத் தேதி. எதிரே உட்கார்ந்திருந்த பங்களாதேஷ்காரர்கள் இரண்டு பேர், படம் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சி தன் கைப்பையைத் திறந்து நீல நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

அத்தனையும் பாங்கு. ஒவ்வொரு நாளும் தன் டியூட்டியில் வந்த ஒவ்வொரு வேளைக்கும் எந்த நொடியில் வெட்டினார், யார் பேசிக்கொண்டிருந்தார், மூச்சு எங்கே விழுந்தது. "நீலப் புடவை மாதிரி உடுத்தவ, அழுகை, மூக்கு." "தாடிக்காரர், கோபம், இடம் இல்லை, முன்னாலேயே வெட்டினேன்." நோன்பு மாதத்தில் ஒரு பக்கம்: "விளம்பரம் நடுவில் வெட்டு. வெட்டியது நான்."

"அப்ப நான் உள்ள வரும்போதெல்லாம் என்னைப் பாத்துட்டுப் பாத்துட்டு எழுதினீங்களே?"

"உம்மள யாருவே பாத்தா? கதவுக்கு மேலேல்லா கடியாரம் தொங்குது. நீரு குறுக்க வாரீரு."

பங்களாதேஷ்காரர்களுக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் சிரித்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் படகு கவிழ்ந்திருக்கும். அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினேன்.

"பம்பாய்க்காரரு?"

"மெசினுக்குச் சொல்லிக் குடுக்கச் சொன்னாரு. இனிமே பாங்கு நேரத்துக்கு அதுவே வெட்டிக்கிடுமாம். மூச்சுன்னு சொன்னேன். அதை எந்தக் கட்டத்துல போடுறதுன்னு அவருக்குத் தெரியல. கடைசில வேண்டாம்னுட்டாரு." என் மடியில் இருந்த நோட்டைத் தொட்டார். "அதான்வே, நேத்து மேல கூப்பிட்டு..."

"மெசின் என்னத்த வெட்டும் அண்ணாச்சி! மாமியா கையத் தூக்கினா மெசினுக்குத் தெரியுமா? நாலு நாள்ல நம்மளத்தான் கூப்பிடுவானுங்க, பாருங்க!" என்று ஆரம்பித்தேன். நிம்மதி வந்தவன் பேச்சுக்கு அணை ஏது? அந்தக் கரை வந்தது. இறங்காமல் அதே படகில் இந்தக் கரைக்கே திரும்பினோம், ஏனென்றால் நான் பேச்சை நிறுத்தவில்லை. மகளை என்ன படிக்க வைக்கலாம், எந்தக் கல்லூரி, அடுத்த வருஷம் ஊரில் மாடி எடுப்பது, எல்லாம் பேசினேன். கரையில் இறங்கி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"நீரு வச்சுக்கும்."

"எனக்கெதுக்கு அண்ணாச்சி?"

"இருக்கட்டும்வே. பிள்ளை நல்லா எழுதட்டும்."

ஒரு நாள் விடாமல் எழுதிய நோட்டை ஒருவர் வெள்ளிக்கிழமை மாலையில் எதற்கு இன்னொருவரிடம் கொடுக்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மல்லிகைப்பூ விற்கிற கடை எங்கே என்று அவரிடமே கேட்டேன். காட்டினார். பஸ் வந்தது. முன்படிக்கட்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல நின்றார். நான் கையை ஆட்டி, "சண்டே பாக்கலாம் அண்ணாச்சி, ஷிஃப்டு மாத்தியிருக்காங்களாம், கேட்டீங்களா" என்று கத்தினேன். கதவு மூடிக்கொண்டது.

வெள்ளி, சனி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனேன். பக்கத்து நாற்காலியில் மஃப்ளர் இல்லை. சூடான்காரரிடம் கேட்டேன். உனக்கு அவர் சொல்லவே இல்லையா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்தது. வேலையை விட்டு அனுப்ப எங்கள் பிரிவுக்கு வந்த பட்டியலில் இருந்தது ஒரே பெயர். வியாழக்கிழமை மத்தியானம் மூன்றாவது மாடியில் அண்ணாச்சிக்குக் கடிதம் கொடுத்து, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, நோட்டீஸ் காலத்தை ஊரிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று டிக்கெட்டும் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை விமானத்தில் அவர் போய்விட்டார்.